சாப்பிட்டது மறக்கிறது, தட்டச்சு மறக்கவில்லை: ஞாபகம் என்பது ஒன்றா, பலவா?

பொருநையாள்

எல்லாருக்கும் வணக்கம். என் பெரியப்பாவுக்கு 78 வயது. தாலுகா ஆபீசில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். கொஞ்ச காலமாக மறதி கூடிக்கொண்டே வருகிறது. இட்லி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் "ஏட்டி, இன்னும் பலகாரம் ஆகலையா?" என்பார். நரம்பியல் மருத்துவரிடம் காட்டி மருந்து கொடுக்கிறோம், அதனால் வைத்தியம் கேட்டு இதை எழுதவில்லை.

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது அவருடைய பழைய மெஷினை இறக்கினோம். யாரும் சொல்லாமலே பேப்பரைச் சொருகி, உருளையைத் திருகி, ஓரத்தைச் சரிபார்த்து, 'அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள்' என்று ஒரு மனுவையே அடித்துவிட்டார். ரிப்பன் காய்ந்து எழுத்து பாதிதான் விழுந்தது, ஆனால் ஒரு பிழை கிடையாது. "பெரியப்பா, 'ற' எங்க இருக்கு?" என்று கேட்டேன். விழித்தார். சொல்லத் தெரியவில்லை. விரல் மட்டும் சரியாக அங்கே போய் விழுகிறது.

அரை மணிக்கு முன் சாப்பிட்டது தங்காத இடத்தில், இளவட்டமாக இருந்தபோது இன்ஸ்டிட்யூட்டில் படித்தது எப்படித் தங்குகிறது? பழசு நிற்கும், புதுசு நிற்காது, அவ்வளவுதானா?

மிளகுரசம்

எங்கள் தாத்தாவும் இப்படித்தான் இருந்தார். 'பழசு ஆழமா பதிஞ்சிருக்கும்' என்று ஆச்சி சொல்வார். பின்தொடர்கிறேன்.

கல்லணை

பழசு, புதுசு என்பது பாதி பதில்தான் அம்மா. கல்லூரியில் உளவியல் பாடம் எடுத்தவன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 'ற' விஷயம். அது நோயே இல்லை. வேகமாக அடிக்கும் ஆரோக்கியமான ஆட்களிடம் வெற்று விசைப்பலகைப் படத்தைக் கொடுத்து எழுத்துகளை நிரப்பச் சொன்ன அமெரிக்க ஆய்வு ஒன்று 2014-ல் வந்தது. 26 ஆங்கில எழுத்தில் சராசரியாக 15-ஐத்தான் சரியான இடத்தில் வைத்தார்கள். விரலுக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

இது எப்படி என்று விளங்க ஹென்றி மொலேசன் கதைக்குப் போக வேண்டும். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்துக்காரர். சிறு வயதிலிருந்தே வலிப்பு, மருந்துக்குக் கட்டுப்படவில்லை. 1953-ல் அவருக்கு 27 வயது. ஹார்ட்ஃபோர்டில் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர், நெற்றிப்பொட்டுக்கு உள்பக்கமாக இடதும் வலதுமாக இருக்கும் மூளைப் பகுதியை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டார். ஹிப்போகேம்பஸ் என்ற உறுப்பின் பெரும்பகுதி அதோடு போயிற்று. வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அதன் பிறகு நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. மருத்துவர் அறையை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்தால் புது ஆள். 2008-ல் 82 வயதில் இறக்கும்வரை இதே நிலைதான். அதுவரை உலகத்துக்கு அவர் 'எச்.எம்.' என்ற இரண்டு எழுத்துதான், பெயரை வெளியிடவில்லை.

புத்தி மழுங்கவில்லை. பேச்சு சரளம். குறுக்கெழுத்துப் புதிர் போடுவார். சிறு வயதுக் கதைகள் பலவும் இருந்தன. இதுவரை உங்கள் 'பழசு நிற்கும், புதுசு நிற்காது' கணக்கு சரிதான்.

அப்புறம்தான் மாண்ட்ரியாலிலிருந்து பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் வந்தார். இரட்டைக் கோட்டில் வரைந்த ஒரு நட்சத்திரத்தை ஹென்றி முன்னால் வைத்தார். இரண்டு கோட்டுக்கும் நடுவில் பென்சிலை ஓட்ட வேண்டும், ஆனால் கையை நேராகப் பார்க்கக்கூடாது, கண்ணாடியில் தெரிவதைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். வீட்டில் செய்து பாருங்கள். முனையில் திரும்பும்போது கை எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். ஹென்றியும் முதல் நாள் எல்லாரையும் போலத் தடுமாறினார். அடுத்த நாள் பிழை குறைந்தது. மூன்றாம் நாள் கிட்டத்தட்ட சுத்தம். ஆனால் அந்தக் காகிதத்தை முன்னால் பார்த்ததாகவே அவருக்குத் தெரியாது. கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன், நன்றாகத்தானே வருகிறது என்று தன் கையைப் பார்த்துத் தானே ஆச்சரியப்பட்டாராம்.

இது புதுசு. புதுசாகக் கற்றது. தங்கிவிட்டது. ஆகவே வயதல்ல, வகைதான் காரணம். நடந்ததை நினைவு வைப்பது ஒரு ஏற்பாடு, செய்யத் தெரிந்துகொள்வது வேறு ஏற்பாடு. முன்னதைப் பதிய வைக்க ஹிப்போகேம்பஸ் வேண்டும். பின்னது மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்க்ளியா என்ற பகுதி, சிறுமூளை இவற்றை நம்பி ஓடுகிறது. அல்சைமர் நோய் பெரும்பாலும் ஹிப்போகேம்பஸ் சுற்றுவட்டாரத்தில்தான் முதலில் கை வைக்கும். உங்கள் பெரியப்பாவுக்கு என்ன நோய் என்று நான் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொல்லும் படம் இதோடு பொருந்துகிறது.

வேப்பம்பூ

நடுவில் ஒரு வார்த்தை. நான் செவிலியர். வயதானவர்களுக்கு மறதி என்றால் உடனே 'அதுதான்' என்று முடிவு கட்ட வேண்டாம். பி12 குறைவு, தைராய்டு குறைவு, தூக்க மாத்திரை, மன அழுத்தம் இவையெல்லாமும் இப்படிக் காட்டும், சரிசெய்யவும் முடியும். சுத்த சைவக்காரர்கள் வீட்டில் பி12-ஐக் கட்டாயம் பாருங்கள். காது மந்தமாகி, சொன்னதே கேட்காமல் இருப்பதையும் மறதி என்று எழுதிவிடுகிறார்கள்.

பொருநையாள்

நன்றி அக்கா, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாச்சு. கல்லணை ஐயா, அந்த நட்சத்திரக் கதையை வீட்டில் படித்துக் காட்டினேன். பெரியம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மிளகுரசம்

அப்போ ஹென்றிக்கு இருந்தது ஷார்ட் டெர்ம் மெமரி லாஸ், சரியா? ஷார்ட் டெர்ம் என்றால் ஒரு நாள், இரண்டு நாள் கணக்கா?

கல்லணை

சரியில்லை தம்பி. இது சினிமா புண்ணியத்தில் ஊரெல்லாம் பரவிய குழப்பம். உளவியலில் குறுகிய கால நினைவு என்றால் நொடிக் கணக்கு. ஓடிபி வந்ததும் அதை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே அடிக்கிறீர்களே, அவ்வளவு நேரம்தான். ஹென்றிக்கு அது சேதாரம் இல்லாமல் இருந்தது. நீங்கள் சொல்லும் எண்களை உடனே திருப்பிச் சொல்வார். கெட்டது, அங்கிருந்து நீண்ட காலத்துக்கு மாற்றும் வழி.

இதற்கு ஒரு சாட்சி உண்டு. 584 என்ற எண்ணை நினைவில் வைக்கச் சொல்லித் தனியே விட்டார்கள். கால் மணி கழித்துக் கேட்டால் சரியாகச் சொன்னார். எப்படி? 8-ஐ மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்று எண்ணையும் கூட்டினால் 17. அதில் 8 போனால் 9. ஒன்பதைப் பாதியாகப் பிரித்தால் 5, 4. ஆக 584. இந்தக் கணக்கையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார். கவனத்தை வேறு பக்கம் திருப்பிய ஒரு நிமிடத்துக்குள் எண் மட்டுமல்ல, எண் கேட்டார்கள் என்பதே போய்விட்டது.

மனதில் வைத்துப் புரட்டும் இந்த இடத்துக்கு 'வேலை நினைவு' என்று பெயர். ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்ச்சும் 1974-ல் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தார்கள். சொற்களை உள்ளுக்குள் உருட்ட ஒரு வழி, உருவங்களை வைத்துப் பார்க்க ஒரு வழி, இரண்டையும் மேய்க்க ஒரு தலைமை. அதனால்தான் பாட்டில் வரி ஓடும்போது புத்தகம் ஏறமாட்டேன் என்கிறது, வெறும் வீணை என்றால் அவ்வளவு தொந்தரவில்லை.

தலைகீழாகவும் உண்டு. கே.எஃப். என்று ஒரு நோயாளி, 1970-ல் இங்கிலாந்தில் ஆராய்ந்தார்கள். சொல்லும் எண்களில் ஒன்றிரண்டுக்கு மேல் உடனே திருப்பிச் சொல்ல முடியாது. ஆனால் நீண்ட காலத்துக்குக் கற்க முடிந்தது. ஒருவருக்கு இது போய் அது இருக்கிறது, இன்னொருவருக்கு அது போய் இது இருக்கிறது. இரண்டும் தனித்தனி என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் கிடைப்பது கஷ்டம்.

யாழ்மணல்

நான் ஸ்காபரோவில் இருக்கிறேன். ரொறன்ரோப் பகுதிக்காரர் ஒருவரைப் பற்றி யாரும் சொல்லேல்லை, அதால எழுதுகிறேன்.

கென்ற் கொக்ரேன். ஆய்வுகளில் கே.சி. என்று வரும். 1981-ல் மோட்டார்சைக்கிள் விபத்து, தலையில் பலத்த காயம். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் இருந்த எண்டெல் ரல்விங் அவரைக் கன வருசமாக ஆராய்ந்தார். ரல்விங் எஸ்தோனியாவில் பிறந்தவர், 2023-ல்தான் காலமானார்.

கே.சி.க்குச் சதுரங்கம் விளையாடத் தெரியும். குகைக்குள் மேலிருந்து தொங்குகிற சுண்ணாம்புத் தூணுக்கும் கீழிருந்து வளர்கிற தூணுக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்வார். தான் எந்த ஊர், எங்கே வேலை செய்தது, எல்லாம் தெரியும். தன் சகோதரர் இறந்துபோனதும் தெரியும். ஆனால் அந்தச் செய்தி வந்தபோது தான் எங்கே நின்றது, யார் சொன்னது, அழுதேனா? ஒன்றும் இல்லை. தன் வாழ்க்கையில் நடந்த ஒரேயொரு சம்பவத்தைக்கூட உள்ளே இருந்து பார்க்க அவரால் முடியவில்லை. கல்லணை ஐயா சொன்ன ஹென்றியைவிட இது ஒரு படி மேலே, ஏனென்றால் விபத்துக்கு முந்தின சம்பவங்களும் போய்விட்டன.

ரல்விங் 1972-லேயே நிகழ்வு நினைவு வேறு, அறிவு நினைவு வேறு என்று பிரித்திருந்தார். கே.சி. அதற்கு உயிருள்ள சாட்சியாக வந்து சேர்ந்தார். எனக்கு இது நன்றாக விளங்கும். 1995 ஒக்டோபர் கடைசியில் யுத்தத்தால யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் வெளிக்கிட்டது என்பதை என்ர பிள்ளைகளும் படித்துத் தெரிந்துவைத்திருக்கினம். அது அறிவு. நாவற்குழிப் பாலத்தில் சனத்துக்குள் நகர முடியாமல், அப்பாவின் சைக்கிள் கரியரில் மழையில் விறைத்துக்கொண்டு இருந்தது என்னுடையது. கே.சி.க்குத் தன் சொந்த வாழ்க்கையே என்ர பிள்ளைகளுக்கு வலிகாமம் மாதிரி.

இன்னொன்று. 'நாளைக்கு என்ன செய்யப் போகிறீர்?' என்று கேட்டால் அவருக்கு வெறுமைதான். நடந்ததைக் கட்டி எழுப்புகிற அதே இடம்தான் நடக்கப்போவதையும் கட்டுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் யோசிக்கத் தொடங்கினது இதுக்குப் பிறகுதான் சூடுபிடித்தது.

பொருநையாள்

யாழ்மணல் அண்ணா, கடைசிப் பத்தியைப் படித்ததும் ஒன்று உறைத்தது. பெரியப்பா எந்தப் பயணத்துக்கும் இப்போது ஆசைப்படுவதே இல்லை. அலுப்பு என்று நினைத்திருந்தோம்.

கோட்டாறு

எல்லாரும் மறந்தவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் ஊர்க்காரர் ஒருவரை மறக்கலாமா? சதாவதானி செய்குத்தம்பி பாவலர், இடலாக்குடியில் பிறந்தவர். 1907-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம், அதாவது ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைக்கும் வித்தை, செய்தார். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார், ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் முதுகில் நெல்லை எறிவார், எத்தனை என்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும், நடுவில் மணி அடிப்பார்கள், அதையும் எண்ண வேண்டும். கடைசியில் எல்லாருக்கும் விடுபடாமல் பதில். நம் முன்னோர் மூளையே வேறு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அம்மா செல் நம்பர் தெரியவில்லை.

சாம்பல்நாரை

பாவலர் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் 'மூளையே வேறு' என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்படிச் சொன்னால் அவர் உழைப்பைத்தான் குறைத்துப் பேசுகிறோம்.

அமெரிக்காவில் எஸ்.எஃப். என்று ஒரு சாதாரணக் கல்லூரி மாணவன். தொடக்கத்தில் எல்லாரையும் போல 7 எண் வரைதான் திருப்பிச் சொல்ல முடிந்தது. 230 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி, ஏறக்குறைய 20 மாதம். கடைசியில் 79 எண். ஆய்வு 1980-ல் வெளியானது. அவன் ஓட்டப்பந்தய வீரன், அதுதான் சூட்சுமம். 3492 என்று கேட்டால் '3 நிமிடம் 49.2 நொடி, ஒரு மைலுக்கு உலகத்தரமான நேரம்' என்று ஒரே பொட்டலமாகக் கட்டிவிடுவான். அதே ஆளிடம் எண்ணுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தார்கள். பழையபடி ஆறில் வந்து நின்றான். கொள்ளளவு கூடவில்லை, கட்டும் வித்தைதான் கூடியது.

கோட்டாறு

சரி, அதை இப்படிப் பார்க்கலாமா? வெண்பா என்றால் ஏழுசீர் வரிகளுக்குள் தளை தட்டக்கூடாது. அடிக்கு அடி எதுகை நிற்க வேண்டும். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாகத்தான் முடியும். ஈற்றடியைக் கொடுத்துவிட்டால் மேல் அடிகளில் வரக்கூடிய சொற்கள் பாதிக்கு மேல் தாமாகவே விலகிவிடுகின்றன. அவதானி அதில் ஊறினவர். உரைநடையில் அதே நீளத்துக்கு ஒரு பத்தியைக் கொடுத்திருந்தால் திணறியிருக்கலாம்.

சாம்பல்நாரை

அதேதான். ஒரே ஒரு சில்லறைத் திருத்தம்: வெண்பாவில் கடைசி அடிக்கு மூன்று சீர், மற்ற அடிகளுக்கு நான்கு. ஏழு சீர் என்பது குறளின் மொத்தம்.

இனி என் தொழில் பக்கம் வருகிறேன். நான் வழக்கறிஞன். முதல் விசாரணையில் சாட்சியிடம் லீடிங் கொஸ்டின், அதாவது பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பது, கூடாது என்று சட்டம் சொல்வதை, படிக்கும்போது வெறும் சம்பிரதாயம் என்று நினைத்திருந்தேன். எலிசபெத் லாஃப்டஸ் 1974-ல் ஜான் பாமருடன் சேர்ந்து செய்த சோதனையைப் படித்த பிறகு அப்படி நினைக்கத் தோன்றவில்லை. மாணவர்களுக்குக் கார் மோதும் படத்துண்டுகளைப் போட்டுக் காட்டி, வேகம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டார்கள். எல்லாருக்கும் ஒரே படங்கள். கேள்வியில் ஒரு வினைச்சொல்தான் மாறியது. 'கார்கள் தொட்டுக்கொண்டபோது' என்ற மாதிரி கேட்டவர்களிடம் மணிக்குச் சராசரி 32 மைல் என்று பதில் வந்தது. 'நொறுங்க மோதியபோது' என்று கேட்டவர்களிடம் 41 மைல்.

இன்னொரு சோதனையில் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. 'நொறுங்க' என்ற கேள்வியைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்தேன் என்றார்கள். சாதாரணமாக 'மோதியபோது' என்று கேட்டிருந்த 50 பேரில் 7 பேர். இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, அதுதான் பயம்.

பொய் சாட்சியை உடைக்க வழி இருக்கிறது. மனப்பூர்வமாக நம்பித் தப்பாகச் சொல்பவரை எப்படி உடைப்பீர்கள்? அமெரிக்காவில் ரொனால்ட் காட்டன் என்பவர் 1984-ல் நடந்த ஒரு வன்கொடுமை வழக்கில் பத்து வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தார். பாதிக்கப்பட்ட பெண் அவரைத்தான் உறுதியாக அடையாளம் காட்டினார். 1995-ல் டிஎன்ஏ சோதனை வேறொருவர் என்று காட்டியது. போட்டோவில் தேர்ந்தெடுத்த முகம், அப்புறம் அணிவகுப்பில் அதே முகம், அப்புறம் கோர்ட்டில் அதே முகம். ஒவ்வொரு முறையும் நினைவு கொஞ்சம் கொஞ்சமாக அந்த முகத்துக்கு மாறிக்கொண்டே போயிருக்கிறது.

மிளகுரசம்

சாதாரண விஷயம் மாறலாம் சார். பெரிய சம்பவங்கள் மாறாது. சுனாமி வந்தது எனக்கு அப்படியே போட்டோ மாதிரி இருக்கிறது. நான் மூன்றாம் வகுப்பு. கிளாஸ் நடந்துகொண்டிருந்தது, ஹெட்மாஸ்டர் வந்து டீச்சர் காதில் ஏதோ சொன்னார், பெல் அடித்து எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வேப்பம்பூ

தம்பி, 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அரையாண்டு லீவு வேறு. 😀

மிளகுரசம்

அக்கா, பெல் சத்தம்கூடக் காதில் இருக்கிறது. எங்கள் பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் வைத்திருப்பார்கள்.

கல்லணை

மூன்றாம் வகுப்புக்கு, ஞாயிற்றுக்கிழமை, அரையாண்டு லீவில்? சரி, விடுங்கள், நீங்கள் தனி ஆள் இல்லை. 1986 ஜனவரியில் சாலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, உல்ரிக் நைசர் தன் பல்கலைக்கழக மாணவர்களிடம், செய்தியை எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்தார். இரண்டரை வருடத்துக்கு அப்புறம் அவர்களில் 44 பேரிடம் அதையே மறுபடி கேட்டார்கள். கால்வாசிப் பேர் சொன்னதில் ஒன்றுகூட முதலில் எழுதியதோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் உறுதியாகத்தான் சொன்னார்கள். அவர்கள் கைப்பட எழுதிய தாளையே காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை, புதிய கதைதான் நிஜம் என்று பட்டது.

அதிர்ச்சியான நேரத்தில் அமிக்டலா என்ற பகுதி ஹிப்போகேம்பஸை உசுப்பிவிடும். சம்பவத்தின் மையம் அதனால் அழுத்தமாகப் பதியும் என்பது உண்மை. சுற்றி இருந்த விவரங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, நம்பிக்கை மட்டும் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கூடிவிடும். நினைவுகூர்வது பதிவு செய்த வீடியோவை ஓட்டுவதல்ல, கதாகாலட்சேபம். கதை அதேதான், ஆனால் சொல்பவர் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்கிறார், சென்ற முறை சேர்த்த உபகதையும் இப்போது மூலத்தில் சேர்ந்துவிடுகிறது.

மிளகுரசம்

சரி, வேறு கேள்வி. குரூப் 2-க்குப் படிக்கிறேன். எபிங்ஹாஸ் வளைகோடு என்று யூடியூபில் எல்லாரும் காட்டுகிறார்கள், படித்ததில் 66 சதவீதம் ஒரே நாளில் மறந்துவிடும் என்று. அப்போ படித்து என்ன பிரயோசனம்?

சாம்பல்நாரை

அந்த யூடியூப்காரர்கள் மூலத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-ல் வெளியிட்டது, தன் ஒருவர் மேலேயே செய்த சோதனை. மனப்பாடம் செய்தது அர்த்தமில்லாத அசைகள். அவர் அளந்தது எவ்வளவு மறந்தது என்பதை அல்ல, மறுபடி மனப்பாடம் செய்யும்போது எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதை. ஒரு நாள் கழித்துச் சுமார் 34 சதவீதம் மிச்சம், 31 நாள் கழித்தும் 21 சதவீதம் மிச்சம். ஒரு மாதம் தொடாமல் விட்ட உளறல் அசைகளிலேயே இவ்வளவு தங்குகிறது என்றால், அர்த்தமுள்ள பாடத்துக்கு நீங்கள் இவ்வளவு கலங்க வேண்டியதில்லை.

கல்லணை

தேர்வுக்கு ஒன்று சொல்கிறேன். 2006-ல் ரோடிகரும் கார்ப்பிக்கியும் செய்தது. ஒரு பத்தியை ஒரு குழு நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு மூன்று முறை புத்தகத்தை மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடத்தில் தேர்வு வைத்தால் நான்கு முறை படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது அவர்கள் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 61. படித்துக்கொண்டே இருந்தவர்களுக்குத்தான் 'எனக்கு நன்றாக வரும்' என்ற நம்பிக்கை அதிகம் என்பது கூடுதல் வேடிக்கை. ஹைலைட்டரைக் கீழே வையுங்கள். மூடி வைத்து எழுதுங்கள், தப்பு வந்தால் திருத்துங்கள், நாள் விட்டு மறுபடி எழுதுங்கள்.

பொருநையாள்

எல்லாரும் தேர்வுக்குப் போய்விட்டீர்கள், எனக்கு வீட்டு நடப்பு ஒன்று கேட்க வேண்டும். மாத்திரை டப்பா எங்கே இருக்கிறது என்று பெரியப்பாவுக்குப் பழக்கலாம் என்று பார்க்கிறோம். தினமும் "யோசிச்சுப் பாருங்க, எங்க வச்சோம்?" என்று கேட்கிறோம். ஃபிரிட்ஜ் மேலே என்கிறார். இல்லை, அலமாரி என்று திருத்துகிறோம். மறுநாள் மறுபடி ஃபிரிட்ஜ் மேலே. சில நாள் பெரியம்மா சத்தம் போட்டுவிடுகிறார். மறந்துவிடுவார்தானே என்று ஒரு நினைப்பு.

கல்லணை

இரண்டு விஷயம். முதலில் அந்தச் சத்தம். ஜெனீவாவில் கிளாபரேட் என்ற மருத்துவர், எதுவும் நினைவில் தங்காத ஒரு பெண் நோயாளிக்குக் கை கொடுக்கும்போது விரலிடுக்கில் குண்டூசியை மறைத்துக் குத்தினார். 1911-ல் எழுதியிருக்கிறார். அடுத்த முறை கை நீட்டியபோது அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கு இப்படி ஒரு சோதனைக்கு யாரும் அனுமதி கொடுக்க மாட்டார்கள். ஆனால் அயோவாவில் 2014-ல் நோகாமல் செய்து பார்த்தார்கள். அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படத்துண்டுகளைக் காட்டினார்கள். படத்தில் என்ன வந்தது என்பது சீக்கிரம் போய்விட்டது. துக்கம் போகவில்லை. சந்தோஷமான படத்துக்கும் அப்படித்தான். பெரியம்மா திட்டியது மறந்துவிடும், முகம் வாடியது அப்படியே இருக்கும், எதற்கு வாடுகிறோம் என்று அவருக்கே தெரியாது.

இரண்டாவது, டப்பா. கேட்காதீர்கள். யோசிக்கவே விடாதீர்கள். ஒரே இடம், ஒரே நேரம், கையைப் பிடித்து அலமாரிக்கே கூட்டிப்போங்கள், அவர் கையாலேயே திறக்கவிடுங்கள். தப்பு நேராமல் கற்பிப்பது என்று இதற்குப் பெயர். பேட்லியும் பார்பரா வில்சனும் 1994-ல் நினைவிழந்தவர்களிடம் சோதித்துக் காட்டினார்கள். ஊகித்துச் சொல்லவிட்டுத் திருத்தினால் அவர்கள் மோசமாகக் கற்கிறார்கள், சரியானதை மட்டும் காட்டினால் நன்றாகக் கற்கிறார்கள்.

மிளகுரசம்

ஐயா, ஒரு நிமிடம். எனக்கு மூடி வைத்து யோசி, தப்பு செய், திருத்து என்கிறீர்கள். அவருக்கு யோசிக்கவே விடாதே என்கிறீர்கள். ரெண்டும் எப்படிச் சரியாகும்?

கல்லணை

நல்ல கேள்வி. நீங்கள் ஒரு கேள்விக்கு 1857 என்று தப்பாக எழுதி, 1806 என்று திருத்தினால், நாளைக்கு இரண்டு எண்ணும் மனதில் வரும். கூடவே 'நேற்று இதை எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டோம்' என்ற சம்பவமும் வரும். அந்தச் சம்பவம்தான் தப்பைத் தள்ளிவிட்டுச் சரியானதை எடுத்துக் கொடுக்கிறது. அது நிகழ்வு நினைவின் வேலை.

பெரியப்பாவுக்கு அந்த வாத்தியார் லீவில் இருக்கிறார். 'ஃபிரிட்ஜ் மேலே' என்று நேற்றுச் சொன்னது வாய்க்குப் பழகிவிட்டது, தப்பு என்று திருத்தியது தங்கவில்லை. அதனால் இன்றைக்கு அதுதான் முதலில் வந்து நிற்கும், ஒவ்வொரு நாளும் கேட்கக் கேட்க இன்னும் முந்திக்கொண்டு வரும். பொருநையாள், டப்பாவை ஃபிரிட்ஜ் மேலேயே வைத்துவிட்டால்கூடத் தப்பில்லை. அவர் ஏற்கெனவே கற்றுவிட்டார்.

பொருநையாள்

வைத்துவிட்டேன் ஐயா. இன்றைக்குக் காலையில் நேராக அங்கேயே போய் எடுத்தார். ஆனால் போட்டதை மறந்து இரண்டாம் தடவை எடுக்கப் போனார், அதனால் ஒரு வேளைக்கு உள்ளதை மட்டும் டப்பாவில் வைப்பது என்று முடிவு.

வேப்பம்பூ

அதுதான் சரி. மீதியைப் பூட்டி வையுங்கள்.